பாவ்ஷான் வீட்டுப் புகைபோக்கி

ஷிலிங்
1988 ஜனவரி 14

ஃபெங்சின் அக்காவுக்கு,

லிங்ஷூ எழுதுவது. நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் நம் புத்தாண்டு வருகிறதே என்று நேற்று அம்மா வீட்டுச் சுவருக்குப் பத்திரிகைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தோம். நான் பசை தடவிக் கொடுக்க, அண்ணி வாங்கி ஒட்டினாள். ஒரு தாளைக் கையில் வாங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏண்டி, இது உன் நாத்தனார் பேருதானே? படமெல்லாம் போட்டிருக்கான் பாரு. அச்சா உங்க ஊரு மாதிரியே இருக்கு" என்றாள்.

நீங்கள் வரைந்த படம். 'பன்றி அடிக்கும் நாள்' என்று கீழே பெயர். கறுப்பு வெள்ளையில் உள்ளங்கை அகலம்தான் இருக்கிறது, ஆனால் சான்தாவ்ஹேயை எனக்கு அடையாளம் தெரியாதா? உறைந்த ஆறு, அதில் சறுக்கும் பிள்ளைகள், உங்கள் முற்றத்தில் பெரிய கொப்பரை, அதைச் சுற்றி ஊர்ஜனம். சுவரையெல்லாம் திறந்துவிட்டு உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்றுகூடக் காட்டியிருக்கிறீர்கள். எல்லா வீட்டுப் புகைபோக்கியிலும் புகை. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. வாசலில் பனிகூடப் பெருக்கவில்லை.

புகை வராத வீடு என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? வம்சம் அற்ற வீடு. யாரையாவது வாயாரச் சபிக்க வேண்டுமானால் 'உன் வீட்டுப் புகை நிற்கட்டும்' என்றுதானே சபிக்கிறார்கள்? கல்யாணமாகி ஐந்து வருஷமாக வயிறு திறக்காதவள் வீடு எது என்று ஊருக்கெல்லாம் தெரியும். இப்போது பத்திரிகை படிக்கிற மாகாணத்துக்கே தெரியும்.

பாங் கிழவர் பேரனுக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்தில், நான் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினதும் அவர் சொன்னது உங்கள் காதிலும் விழுந்தது. "முட்டையிடாத கோழி குஞ்சைத் தொட வேணாம்" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அது எனக்குப் பெரிதில்லை. உங்கள் தம்பி எதிரே உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு கிண்ணத்தில் சாராயத்தை ஊற்றிக்கொண்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் மறுநாள் காலையில் மூட்டையைத் தூக்கினேன். அவர் வாயால் பேசவில்லை. நீங்கள் வரைந்தே காட்டிவிட்டீர்கள்.

லிங்ஷூ


சான்தாவ்ஹே
ஜனவரி 19

லிங்ஷூ,

அடேயப்பா! போய் இரண்டரை மாதம் கழித்து ஒரு கடிதம், அதிலும் முதல் வரியிலேயே அறை! உன் கடிதத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "உனக்கு நல்லா வேணும்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுக் கோவேறு கழுதைக்குத் தீனி வைக்கப் போய்விட்டார். எனக்கென்று பேச இந்த வீட்டில் ஒரு நாதி இல்லை.

நான் என்ன பொய்யா வரைந்தேன்? நீ போன நாளிலிருந்து உன் புருஷன் அந்த வீட்டில் ஒரு தீக்குச்சி கிழிக்கவில்லை. மூன்று வேளையும் இங்கேதான் கொட்டிக்கொள்கிறான். ராத்திரி எங்கள் காங் மேடையில், அடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேற்றுகிற அந்தச் செங்கல் படுக்கையில், அடுப்புப் பக்கமாக, சூடான இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டு குறட்டை விடுகிறான். உங்கள் வாசலில் முழங்கால் அளவு பனி. அதில் நாய் நடந்த தடம்தான் இருக்கிறது. வட்டாரத்திலிருந்து எங்களுக்கு வரையக் கற்றுத்தர வருகிற சீ வாத்தியார் ஒவ்வொரு தரமும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்: "கண்ணால பாத்தத வரைங்கம்மா. கற்பனை பண்ணாதீங்க." கண்ணால் பார்த்ததை வரைந்தேன். பச்சைத் தண்ணீர் வைக்காத அடுப்பில் எங்கேயிருந்து புகை வரும்?

பாங் கிழவர் பேச்சை விட்டுத் தள்ளு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த மனுஷனுக்குப் பேரன் பிறந்ததிலிருந்து கால் தரையில் இல்லை. நீ கோபித்துக்கொண்டு போனதில் அவருக்கு ஒரு கவளம் சோறு குறைந்ததா?

புகை வேண்டுமென்றால் நீ வந்து அடுப்பை மூட்டு. அடுத்த படத்தில் வானம் கொள்ளாமல் வரைகிறேன்.

ஃபெங்சின்


ஷிலிங்
ஜனவரி 23

அக்கா,

கண்ணால் பார்த்ததை மட்டும் வரைந்தீர்களா? சரி. பசை காய்வதற்குள் அந்தத் தாளைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

விதவை ஹோவ் வீட்டுக் கூரையில் மக்காச்சோளம் மலையாகக் குவிந்திருக்கிறது. அவளுக்குப் போன வருஷம் வெள்ளத்தில் ஒரு கதிர்கூட மிஞ்சவில்லை; நீங்களும் நானும்தான் ஆளுக்கொரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தோம். கட்சிச் செயலாளர் வீட்டு வாசலில் அவர்களுடைய கறுப்பு நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அது செத்து எத்தனை காலமாயிற்று? உங்கள் பன்றி எருமை அளவுக்கு இருக்கிறது. நொண்டி நடக்கிற கோவ் வண்டிக்காரர் இரண்டு காலாலும் நேராக நடந்து வருகிறார். பாங் வீட்டுப் புகை பாதி வானத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, முற்றத்தின் நட்டநடுவில் அந்தப் பேரனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

இல்லாதவர்களுக்கெல்லாம் இருக்கிறது என்று வரைந்தீர்கள். நல்ல மனசு. செத்த நாயைக்கூடப் பிழைக்க வைத்தீர்கள். ஊர் முழுக்க அள்ளிக் கொடுக்க உங்களிடம் பொய் இருந்தது. எனக்கு மட்டும்தான் உண்மை மிஞ்சியதா?

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டு, வந்து அடுப்பை மூட்டு என்கிறீர்கள். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தவளைக் கட்டினவன் வந்து கூப்பிட வேண்டும். இது உங்களுக்குத் தெரியாத முறையா? நீங்கள் கோபித்துக்கொண்டு போனபோது உங்கள் வீட்டுக்காரர் கழுதையைப் பூட்டிக்கொண்டு ராவோடு ராவாக வந்தாரே!

லிங்ஷூ


சான்தாவ்ஹே
ஜனவரி 28

லிங்ஷூ,

உன் கடிதம் வந்த அன்று எட்டுத் தானியக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தேன். படித்தபடியே நின்றதில் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் எல்லாரும் தின்றார்கள். உன் புருஷன் மூன்று கிண்ணம் தின்றுவிட்டு "கொஞ்சம் கருகின வாசனை வருதுல்ல?" என்றான்.

நீ கேட்டதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன், பிறகு நீ என்ன நினைத்தாலும் சரி. மற்ற எல்லாருக்கும் பொய் சொன்னேன், உன் வீட்டுக்கு மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன். ஆனால் அது உனக்காக வரைந்ததில்லை, என் தம்பிக்காக. எத்தனை நாள் சொல்லிப் பார்த்தேன்! "போய்க் கூட்டிட்டு வாடா, ஒரு வார்த்தை கேட்டா உன் நாக்கு தேஞ்சா போகும்?" என்று கெஞ்சினேன், திட்டினேன். "அவளா போனா, அவளா வருவா" என்றான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாயால் சொல்லி ஏறாதது கண்ணால் பார்த்தாவது ஏறட்டும் என்று, ஊருக்கெல்லாம் புகை போட்டு அவன் வீட்டை மட்டும் மொட்டையாக விட்டேன். வட்டாரத்துக்கு அனுப்புமுன் மேடையில் விரித்து அவனைக் கூப்பிட்டு உட்கார்த்திக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். கடைசியில் என்ன சொன்னான் தெரியுமா? "பன்னி நல்லா இருக்கு."

அவன்மேல் எறிந்த கல் உன் மண்டையில் விழுந்துவிட்டது. அது பத்திரிகையில் வரும், உன் அம்மா வீட்டுச் சுவர் வரைக்கும் போகும் என்று நான் கனவா கண்டேன்? அதன் அர்த்தம் உன் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லையடி. எனக்கு அவன் சோம்பேறித்தனம்தான் கண்ணில் நின்றது.

இப்போது இரண்டு செய்தி. படம் சாங்சுன் நகரத்துக்குப் போகிறதாம், என்னையும் வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கண்காட்சி புத்தாண்டு கழிந்தும் நடக்கும், அதுவரை திரும்ப முடியாது. இரண்டாவது, நான் இல்லாதபோது பாவ்ஷானுக்கு இந்த வீட்டில் ஒரு பருக்கை கிடையாது என்று என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். படுக்கையையும் சுருட்டி அவன் கையில் கொடுத்துவிட்டேன். பட்டினி கிடந்தால் புத்தி வரும்.

புத்தாண்டுக்கு முந்தைய ராத்திரிக்கு நீ என்ன செய்வாய் என்பதுதான் எனக்குக் கவலை. என் வீட்டுக்கு வா. அவன் வீட்டுக்குப் போக வேண்டாம், என் வீட்டில் இரு.

ஃபெங்சின்


ஷிலிங்
பிப்ரவரி 2

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். கோபம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பாதிதான் போயிருக்கிறது.

கவலைப்பட்டீர்களே, அது சரியான கவலை. கட்டிக்கொடுத்த பெண் அந்த ராத்திரி பிறந்த வீட்டுக் கூரைக்குக் கீழே இருந்தால் அண்ணன் குடும்பத்துக்கு ஆகாது என்பார்களே, அண்ணி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் நல்லவள்தான். ஆனால் அவள் பையனுக்கு ஒரு வாரமாக இருமல். ராத்திரி அவன் இருமுகிறபோதெல்லாம் இருட்டில் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். நேற்று என் துணிகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து, மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தாள். "அழுக்கா இருந்துச்சு, அதான்" என்றாள். அம்மா கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தாள். எனக்கு இந்த வீட்டில் எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது?

உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். தெருவுக்கு இந்தப் பக்கம் விருந்தாளியாக உட்கார்ந்து, அந்தப் பக்கம் என் வீட்டைப் பார்த்துக்கொண்டு புத்தாண்டுச் சோறு இறங்குமா? ஊர் என்ன சொல்லும்? பாங் கிழவருக்கு இன்னொரு விருந்தாகிவிடும்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் படுக்கையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன் என்றீர்களே, எங்கள் காங் மேடை மற்ற வீட்டு மேடை மாதிரி இல்லை. நாள்கணக்கில் மூட்டாமல் விட்டால் புகையை மேலே இழுக்காது, வீட்டுக்குள்ளேயே திருப்பித் துப்பும். முதலில் புகைபோக்கியின் அடியில் இருக்கிற கல்லை எடுத்து, அதற்குள்ளே ஒரு கைப்பிடி காய்ந்த அவரைச் செடித் தட்டையைக் கொளுத்தி, அது சூடேறின பிறகுதான் அடுப்பை மூட்ட வேண்டும். அவருக்கு இது தெரியாது. ஐந்து வருஷமாக நான்தான் மூட்டினேன், அவர் ஒருநாள்கூடப் பக்கத்தில் வந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மூட்டிவிட்டுப் படுத்தால் காலையில் எழுந்திருக்க மாட்டார். போன வருஷம் பக்கத்து ஊரில் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த உடனே போய்ச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

லிங்ஷூ


சாங்சுன்
பிப்ரவரி 7

என் அருமை லிங்ஷூ,

உன் கடிதம் நான் பஸ் ஏறுகிற காலையில் வந்தது. நான் அவனிடம் சொல்லவில்லை. என்னைத் திட்டாதே, முழுக்கப் படி. அவரைத் தட்டை விஷயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அவன் அடுப்பு எரியும், மேடை சுடும், உருளைக்கிழங்கைச் சுட்டுத் தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவான். பிறகு உன் நினைப்பு எதற்கு வரும்? ஆனால் என் தம்பியைச் சாகவிட நான் என்ன ராட்சசியா? தினம் ராத்திரி போய், ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்து, அவனை உலுக்கி எழுப்பி நாலு வார்த்தை பேசிவிட்டு வரும்படி என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவரிடமிருந்து இன்று தபால் வந்தது. பாவ்ஷான் அடுப்பு மூட்டினானாம். நீ கேட்டபடி உன் வீட்டில் புகை வந்துவிட்டதடி! என்ன, புகைபோக்கி வழியாகத்தான் வரவில்லை. கதவு வழியாக, ஜன்னல் வழியாக, கூரை இடுக்கு வழியாக வந்ததாம். தீப்பிடித்துவிட்டது என்று ஊரே வாளியும் மண்வெட்டியுமாக ஓடியிருக்கிறது. இவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கரிச்சட்டி மூஞ்சியோடு வெளியே வந்து, "சும்மாதான், கொஞ்சம் புகை" என்றானாம். படித்துவிட்டு விடுதியில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தேன். பிறகு ஏனோ அழுகை வந்தது.

இங்கே என் கூத்தைக் கேள். படத்தைப் பெரிய கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்களெல்லாம் அதன் முன்னே நின்று பன்றியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நேற்று கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் உன் வீட்டைத் தொடுகிற மாதிரி விரலை நீட்டி, "இந்த வீட்டில் ஏன் யாரும் இல்லை?" என்று கேட்டாள். நான், ஃபெங்சின், பன்றியைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்! சீ வாத்தியாரிடம் போய், "சார், ஒரு சின்னத் திருத்தம், ஒரே ஒரு புகை போட்டுக்கறேன்" என்றேன். படம் இப்போது கூடத்துக்குச் சொந்தம், யாரும் தொடக்கூடாது என்றுவிட்டார். என் கையால் வரைந்ததை நான் தொடக்கூடாதாம்!

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று மதியம் காவல்காரன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, வெள்ளைச் சாயத்தையும் தூரிகையையும் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போனேன். உன் புகைபோக்கி மேல் ஒரு பொட்டு வைப்பதற்குள் அவன் திரும்பி வந்து பின்னாலிருந்து கோட்டைப் பிடித்துவிட்டான். "ஐயோ, இது என் படம்பா!" என்றால், "எல்லா திருடனும் அப்படித்தாம்மா சொல்றான்" என்கிறான். வாத்தியார் வந்து என்னை மீட்பதற்குள் மானம் போய்விட்டது. வைத்த பொட்டு அப்படியே காய்ந்து நிற்கிறது. இப்போது வருகிறவர்கள், "கூரைமேல என்ன வெள்ளைப் பறவை?" என்று கேட்கிறார்கள்.

என்னால் ஆனது அவ்வளவுதான். புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் அடுப்புத் தெய்வத்தை வழியனுப்புவோமே, அந்த நாள் இன்னும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அதற்குள்ளாவது அந்த மடையன் கிளம்ப வேண்டும். நீ எங்கே இருக்கிறாய் என்று இந்த விலாசத்துக்கு ஒரு வரி எழுது. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

ஃபெங்சின்


சான்தாவ்ஹே
பிப்ரவரி 13

அக்கா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் ஒரு கூச்சல் போட்டிருப்பீர்கள். மூச்சு விட்டுவிட்டு மீதியைப் படியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் புத்தாண்டு ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். புளித்த முட்டைக்கோஸ் ஜாடியை நேற்றே உங்கள் வீட்டிலிருந்து தூக்கி வந்துவிட்டேன். படத்தைப் பற்றி இனி எனக்குப் பேச்சில்லை. பறவையை அழிக்கப் போய் மறுபடி அந்தக் காவல்காரனிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அவர் முந்தாநாள் வந்தார். கோவ் வண்டிக்காரரின் பனிச்சறுக்கு வண்டியில், முழங்காலில் எங்கள் வீட்டுக்குப் புத்தாண்டு வரிசையாக ஒரு பன்றித் தலையை வைத்துக்கொண்டு. கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. குடித்துவிட்டு எங்கேயோ விழுந்திருக்கிறார் என்று நினைத்தேன், எனக்கு எரிச்சல்தான் வந்தது. உள்ளே வந்து மேடை விளிம்பில் உட்கார்ந்தார். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி என் மூட்டையை அதற்குள் வாசல் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டாள். அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "அந்த அடுப்ப எப்படி மூட்டறது?" என்றார்.

இதைக் கேட்கத்தான் இத்தனை தூரம்! என் அண்ணனே சிரித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "புகைபோக்கி அடியில் ஒரு கைப்பிடி அவரைத் தட்டையைக் கொளுத்தணும்" என்றேன். "சரி" என்றார். எழுந்தார். வெளியே போய்விட்டார்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா என் முதுகைத் தடவினாள். வெகுநேரம் கழித்து, குதிரைக்கு வெந்நீர் கேட்டுக் கோவ் உள்ளே வந்தார். "இன்னும் போகலையா?" என்றேன். "எங்க போறது? வண்டியில ஏறி உக்காந்திருக்கான். போலாமாங்கறேன், பேசமாட்டேங்கறான். எறங்குடாங்கறேன், அதுக்கும் பேசமாட்டேங்கறான். மேல பனி கொட்டுது" என்றார். பிறகு பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "பேசாதவன்னு நெனைக்காதம்மா. அன்னைக்கு மாவு மில்லுல பேசினானே, அப்பப்பா!" என்றார்.

என்னவென்று கேட்டேன். வீடெல்லாம் புகையான மறுநாள் மில்லில் கூட்டமாம். பாங் கிழவர் எல்லார் எதிரிலும், "என்னடா பாவ்ஷான், முட்டையிடாத கோழிய நெனச்சு எத்தன நாளு புகையில வேகப் போற? வேற கோழி புடி" என்றாராம். இவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாராம். "புகை வராத வீடு என் வீடு. புள்ள இல்லன்னா அது எனக்கு இல்ல. கேக்கறதுன்னா என்னைக் கேளு. அவளப் பத்தி இன்னொரு வார்த்தை வந்துச்சு, பல்லு இருக்காது" என்றாராம். கிழவர் இன்னொரு வார்த்தை சொன்னார். இவர் சட்டையைப் பிடித்தார். பாங்கின் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து இவரை அடித்தார்களாம்.

இதை அவர் உள்ளே வந்து சொல்லியிருக்கலாமே, அக்கா! என் அப்பா அம்மா முன்னால் சொல்லியிருக்கலாமே! பன்றித் தலையைச் சுமந்து வந்த மனுஷன், இந்த ஒரு பேச்சைக் கொண்டுவர மறந்துவிட்டார்.

நானே மூட்டையை எடுத்தேன். வெளியே தோளிலும் தொப்பியிலும் பனி ஏறி, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நான் பேசாமல் ஏறிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். கோவ் குதிரையைத் தட்டினார். ஆற்றுப் பனிக்கட்டி மேல் வண்டி இறங்குகிற வரைக்கும் பின்னால் விழுகிற வண்டித் தடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இவ்வளவு நாளா இல்ல" என்றார். "நீ கேட்டதும் வலிக்குது."

லிங்ஷூ